சங்குமுனைப் பிரேத வள்ளம்

"வள்ளம் அசையும், பஸ்ரியாம்பிள்ளை," என்றார் காரியாதிகாரி பரமலிங்கம். "அசையிற சாமானுக்கு இந்த நன்கொடையிலை காசு தரேலாது."

"அசையாத வள்ளத்தை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது ஐயா?"

"அது உங்கட பிரச்சினை."

பஸ்ரியாம்பிள்ளை தலையைச் சொறிந்தார். நெடுந்தீவின் மேற்குக் கரையில் சங்குமுனை என்றொரு மீன்பிடிக் குறிச்சி. அதன் கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு அவர்தான் காரியதரிசி. முன்னேற்றம் என்று அங்கே அதுவரை நடந்தது சங்கத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டியது மட்டுந்தான். அரசாங்கம் கிராமத் திட்டங்களுக்கு நன்கொடை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, கடல் கடந்து ஊர்காவற்றுறையிலிருந்த அரசாங்கக் கந்தோருக்கு வந்திருந்தார்.

"அப்ப எதுக்குத்தான் தருவியள்?"

காரியாதிகாரி சுற்றறிக்கையை எடுத்து, விரலை வைத்து வாசித்தார். "தெரு, கிணறு, வாசிகசாலை, சனசமூக நிலையம், விளையாட்டு மைதானம், பொதுக் கக்கூஸ், மயானம். இவ்வளவுக்கும் தகுதி இருக்கு. உமக்கு எது வேணும்?"

"வருத்தக்காரரை இஞ்சை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவர ஒரு மெசின் வள்ளம் வேணும்."

"உதைத்தான் கேளாதையும் எண்டிறன். கிணறு ஒண்டு வெட்டுமன்."

"மூண்டு கிணறு கிடக்கு ஐயா. மூண்டும் உப்பு."

"நாலாவதுக்குத் தரலாம்."

"அதுவும் உப்பாத்தான் ஊறும்."

"தண்ணி உப்போ நல்லதோ எண்டு இதிலை கேக்கேல்லை. ஆழந்தான் கேட்டிருக்கு."

காரியாதிகாரி கெட்ட மனிதரல்லர். லஞ்சம் வாங்கமாட்டார், எரிந்து விழமாட்டார். அச்சில் இருப்பதெல்லாம் உண்மை, அச்சில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர். அப்படிப்பட்ட நல்லவர்களிடம் அகப்பட்டால் தப்புவது கஷ்டம்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு வள்ளம் வேண்டியதற்குக் காரணம் இருந்தது. தீவில் மருந்துச்சாலை உண்டு, மருந்து கொடுக்க அப்போதிக்கரி உண்டு, டொக்டர் இல்லை. தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் அவர் போதும். அதற்கு மேற்பட்ட வருத்தமென்றால் கடல்தான் வழி. வாடைக்காற்று எழும்பிவிட்டால் ஆள் ஏற்றுகிற அரசாங்க லோஞ்சு ஓடாது. பாய் வள்ளம் எதிர்க்காற்றில் அரைநாள் தடுமாறும். போன வாடைக்குப் பக்கத்து வீட்டுக் கிறேஸ் பிள்ளைப்பேற்று நோவோடு அப்படித்தான் புறப்பட்டாள். பாதிக் கடலில் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்து சேமக்காலையில் குழி வெட்டினார்கள்.

இந்த வாடைக்கு அவருடைய ஒரே மகள் எமிலி முழுகாமல் இருந்தாள். மருமகன் வின்சன்ற் தொழிலுக்காக முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடிக்குப் போய்விட்டான். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, ஆசுப்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று அப்போதிக்கரி சொல்லியிருந்தார். சங்குமுனை முன்னேறுமோ இல்லையோ, எமிலி கடல் கடந்தாக வேண்டும்.

கந்தோர் வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் பியோன் அரியநாயகம் சுருட்டுப் பற்றிக்கொண்டிருந்தான். காரியாதிகாரி வாசிக்கும் எதையும் அவருக்கு முதலே வாசித்துவிடுகிற ஆள்.

"என்ன அண்ணை, முகம் செத்துக் கிடக்கு?"

பஸ்ரியாம்பிள்ளை சொன்னார்.

"மயானம் எண்டு ஐயா வாசிச்சவரெல்லே? அவர் அரைவாசியோடை நிப்பாட்டிப்போட்டார். 'மயானமும் அதைச் சேர்ந்த தளபாடங்களும்' எண்டு கிடக்கு. போன வருசம் ஒரு ஊருக்குப் பாடை வண்டில் குடுத்தவை."

"அதுக்கு?"

"வண்டிலுக்கு நாலு சில்லு அண்ணை. சில்லு அசையாதோ?"

பஸ்ரியாம்பிள்ளைக்கு மெல்ல வெளித்தது. "எங்களுக்குத் தெரு எங்கை கிடக்கு? கடல்தானே தெரு!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். போய்க் கேளுங்கோ."

தீவில் யாராவது திடீரென்று செத்தால், மரண விசாரணைக்குப் பிரேதத்தை ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரவேண்டும். ஆசுப்பத்திரியில் செத்தால் பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும். சங்குமுனையார் தங்கள் சேமக்காலையில் அல்லாமல் வேறு மண்ணில் படுக்கமாட்டார்கள். காரியாதிகாரி சுற்றறிக்கையை மறுபடியும் எடுத்தார். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப்போட்டு இன்னொரு தரம் வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிரேதத்துக்கெண்டால் தாராளமாத் தரலாம்! இதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே. செத்தவைக்குப் பிரிவு இருக்கு. உயிரோடை இருக்கிறவைக்குத்தான் இல்லை."

நிபந்தனைகள் இருந்தன. வள்ளம் கறுப்பாக இருக்கவேண்டும். வெள்ளைச் சிலுவை போடவேண்டும். பிரேதத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது தவிர, பிரேதம் இல்லாமல் துறையை விட்டுப் புறப்படக்கூடாது. பிரேதத்தோடு வள்ளக்காரனும் துக்கக்காரர் இரண்டு மூன்று பேரும் போகலாம். வருத்தக்காரரையோ பிரயாணிகளையோ ஏற்றினால் வள்ளம் பறிமுதல்.

மழைக்கு முன்னமே வள்ளம் வந்து சேர்ந்தது. நல்ல வள்ளம், புது மெசின். சங்குமுனையார் கரையில் கூடி நின்று பார்த்தார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை.

"என்னப்பா, தொட்டுப் பாருங்கோவன்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

"செத்தாப்போலை தொடுவம்," என்றான் இராயப்பு.

சொன்னவன் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அடுத்த கிழமையே இராயப்புவுக்கு அடிவயிற்றில் குத்து எழும்பியது. குடல்வால் அழுகுகிறது, உடனே வெட்டாவிட்டால் ஆள் தப்பாது என்றார் அப்போதிக்கரி. கடலோ மலைமலையாக எழும்பியது.

"துக்கக்காரன் எண்டு சொல்லி அவனை இருத்திக் கொண்டுபோவம்," என்றான் யாகப்பு. அவன்தான் வள்ளக்காரன்.

"துக்கக்காரன் போறதெண்டால் பிரேதம் வேணுமே."

"ஆரையாவது படுக்க வைப்பம்."

படுப்பதற்கு ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. உயிரோடு பாடையில் படுத்தவன் வருசம் முடியமுன் நிசமாகவே படுப்பான் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகப் பஸ்ரியாம்பிள்ளையே பாடையில் ஏறி, கையைக் கட்டி, கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி றோசம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கம் வந்தாள். குடம் உடைந்தது. அவள் வைத்த ஒப்பாரியில் அயலிலுள்ள பெண்களெல்லாம் தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கோயில் மணியடிக்கிற குருசுமுத்து துக்கமணியை அடித்தான். மணி கேட்டதும், கடலுக்குப் போன வள்ளங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பின. சாவு விழுந்த அன்று சங்குமுனையில் தொழிலில்லை. எழுந்து உட்கார்ந்த பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்துச் சிலர் சிலுவை போட்டார்கள். மீனை இழந்தவர்கள் வேறு வார்த்தை சொன்னார்கள்.

"எல்லாரும் ஏன் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று முனகினான் இராயப்பு. "சாகக் கிடக்கிறது நான். என்னையே படுக்க விடுங்கோவன்."

அதுதான் வழியாயிற்று. துக்கக்காரர் போகப் பிரேதம் வேண்டும். படுத்தே கிடக்கத் தக்கவன் வருத்தக்காரன்தான். வெள்ளைச் சீலையால் மூடி இராயப்புவைக் கொண்டுபோனார்கள். ஊர்காவற்றுறையில் கந்தோர் யன்னல் துறையைப் பார்த்தபடி இருந்தது. கறுப்பு வள்ளத்தைக் கண்டதும் காரியாதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்து, தலை குனிந்து நின்றார்.

"என்ன மாதிரிச் சாவு?"

"பனையாலை விழுந்திட்டான் ஐயா."

"பாவம்," என்றார் காரியாதிகாரி. அவர் கண் கலங்கியிருந்தது. சீலைக்குள் இராயப்பு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சந்தியில் மறைவாக நின்ற வாடகைக் காருக்குள் ஏற்றும்வரை கிடந்தான். தப்பினான்.

அதற்குப் பிறகு சங்குமுனைக்குக் குளிர் விட்டுப்போயிற்று. நெருப்புக் காய்ச்சல்காரன் பிரேதமாகப் போனான். பாம்பு கடித்தவன் போனான். கால் முறிந்த பரிமளம் ரீச்சரும் போனா. அவ பாடையில் படுத்தபடி, "சீலை வெளுத்ததோ?" என்று கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டா. மணியடிக்க வேண்டாம் என்று குருசுமுத்துவிடம் சொல்லி வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாவு கண்டுபிடிப்பதுதான் பஸ்ரியாம்பிள்ளைக்குப் பெரும்பாடு. பதற்றத்தில் ரீச்சரையும் பனையால் விழுத்திவிட்டார்.

"பொம்பிளையளும் பனை ஏறுறவையோ?" என்று கேட்டார் காரியாதிகாரி.

"மேலையிருந்து வந்த ஓலையொண்டு ஐயா..."

"கவலையான ஊர்."

சுகமாகித் திரும்புகிறவர்கள் லோஞ்சில் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்கள். இராயப்பு மட்டும் மூடாமல் வந்து, துறையில் காரியாதிகாரியோடு முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டான்.

"நீர்... செத்தவரெல்லே?"

"அது அண்ணை ஐயா. நான் தம்பி. ரெட்டை."

காரியாதிகாரி அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கட்டாயம் வருவேன் என்றும் சொன்னார். அந்த நாளுக்காக இராயப்பு வீட்டில் ஒரு படத்துக்கு மாலை போட்டு வைத்தார்கள். கடல் கொந்தளிப்பாயிருந்தது, அவர் வரவில்லை. இராயப்பு மாலை போட்ட தன் படத்தின் கீழேயிருந்து, சமைத்த சோற்றைச் சாப்பிட்டான்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்பார்கள். பஸ்ரியாம்பிள்ளை கணக்கெல்லாம் விட்டுவிட்டார். ஆனால் அந்த வாடைக்குச் சங்குமுனையில் ஒருவரும் சாகவில்லை. அதை நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ராத்திரிச் செபத்தில் வள்ளத்துக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னார்.

அப்போதுதான் அரியநாயகம் சொல்லியனுப்பினான்: 'கொழும்பிலையிருந்து கணக்கு ஐயா ஒருத்தர் வரப்போறார். நன்கொடையிலை எடுத்த சாமானைச் சொன்ன வேலைக்குத்தான் பாவிக்கிறியளோ எண்டு பாப்பாராம். பிழை கண்டால் அந்த இடத்திலையே எடுத்துப்போடுவினம். எப்ப வருவாரெண்டு தெரியாது. கவனம்.'

எமிலியை நாள் கிட்டமுன்னமே லோஞ்சில் அனுப்பி, ஊர்காவற்றுறையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவதாகத்தான் ஏற்பாடு. பிள்ளை அந்த ஏற்பாட்டைக் கேட்கவில்லை. எட்டாம் மாசத்தில், காற்று ஊளையிட்ட ஒரு காலைநேரம், அவளுக்கு நோவு எடுத்துவிட்டது. லோஞ்சு கட்டிக் கிடந்தது.

"நான் அந்தப் பாடையிலை படுக்கமாட்டன் அப்பு," என்றாள் எமிலி.

"ஊரிலை எல்லாரும் படுத்தவை பிள்ளை."

"அவையின்ரை வயித்திலை பிள்ளை கிடக்கேல்லை. தாய் செத்த மாதிரிக் கிடந்தால், உள்ளை கிடக்கிறது என்ன நினைக்கும்?"

 அடுத்த நோவு வந்தது. அது அடங்கியதும் அவள் தானாகவே ஏறிப் படுத்து, சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஆசுப்பத்திரிக்குப் போறதுக்குச் சாகவேணுமோ?" என்று சீலைக்குள்ளிருந்து கேட்டாள். றோசம்மா பக்கத்தில் ஏறி இருந்தாள். யாகப்பு மெசினை இழுத்து முடுக்கினான்.

வள்ளம் நன்றாக ஓடியது. அந்தக் கடலில் வேறெந்த வள்ளமும் போய்ச் சேர்ந்திருக்காது. துறை கண்ணுக்குத் தெரிந்தபோது பஸ்ரியாம்பிள்ளை மாதாவுக்கு நன்றி சொன்னார். காரியாதிகாரி அன்று யாழ்ப்பாணம் போயிருந்தார். யன்னல் பூட்டிக் கிடந்தது. அதற்கும் நன்றி சொன்னார். நன்றி சொல்லி வாய் மூடவில்லை.

"அண்ணை," என்றான் யாகப்பு மெதுவாக. "அங்கை பாருங்கோ. கணக்கு ஐயா."

துறையில் ஒரு இளம் ஆள் நின்றார். வெள்ளைக் காற்சட்டை, மினுங்குகிற சப்பாத்து. பக்கத்தில் தூக்க மாட்டாத ஒரு றங்குப்பெட்டி. கணக்குப் புத்தகங்களாக்கும் என்று பஸ்ரியாம்பிள்ளை நினைத்தார். அந்த ஆள் நெடுந்தீவுத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு வள்ளம் வந்து அணைந்ததும் திடுக்கிட்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"ஆர் செத்தது?"

"என்ரை மகள் ஐயா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. சொன்னதும் அவருக்கே நாக்குக் கூசியது.

அந்த நேரம் எமிலிக்கு நோவு வந்தது. சீலைக்குள்ளிருந்து ஒரு முனகல் எழும்பியது. றோசம்மா சட்டென்று நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ரை குஞ்சே!" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். முனகல் அடங்க, அழுகையும் அடங்கியது.

"நான் வந்தது, நெடுந்தீவுக்கு..." என்று அந்த ஆள் தொடங்கினார்.

"தெரியும் ஐயா. நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு எங்களுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் சட்டப்படிதான் நடக்குது. விசாரணைக்குக் கொண்டுபோறம்."

"நான் ஒருக்கா முகத்தைப் பாக்கலாமோ?"

"விசாரணை முடியமுன்னம் ஆரும் தொடப்படாது ஐயா. அதுவும் சட்டம்."

அந்த ஆள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். நல்ல மனம் படைத்தவர் போல. கொஞ்ச நேரம் நின்று யோசித்துப்போட்டு, சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கினார். "ஆக்கள் காணாது. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

பாடைக்குத் தோள் கொடுக்க வந்தவனை மறுப்பது சங்குமுனையில் மகா பாவம். உலகத்தில் எங்கேயும் அது சந்தேகத்துக்கு இடமான காரியந்தான். பஸ்ரியாம்பிள்ளையும் யாகப்புவும் முன்னால் பிடிக்க, அந்த ஆளும் துறையில் நின்ற ஒரு மூட்டைக்காரனும் பின்னால் பிடித்தார்கள்.

வழக்கமாக வருத்தக்காரரை ஏற்றுகிற வாடகைக் கார் சந்தியில் நின்றது. பிரேதத்தை வாடகைக் காரில் ஏற்றுவதில்லை. காற்சட்டைக்காரரைக் கண்டதும் சாரதி நிலைமையை விளங்கிக்கொண்டான். இறங்கி, மெசினை நிறுத்தி, கையைக் கட்டி நின்று மரியாதை செய்தான். காருக்குள் ஏறவிருந்த எமிலி அந்தக் காரைத் தாண்டித் தோளில் போனாள்.

ஆசுப்பத்திரி அரை மைல். ஓடினால் எட்டிவிடலாம். ஆனால் பிரேதம் தூக்கினவன் ஓடக்கூடாது. கடைக்காரர்கள் பலகையைப் பாதி சாத்தி எழுந்து நின்றார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். ஊரே மரியாதை செய்தது. அந்த மரியாதைக்கு ஏற்ற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்கவேண்டியிருந்தது. பஸ்ரியாம்பிள்ளையின் தோளில் மகள் நடுங்குவது தெரிந்தது. இறக்கி வைத்து, 'ஐயா, பிள்ளை உயிரோடைதான் இருக்கிறாள், ஓடுங்கோ' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் வள்ளம் போய்விடும். நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை கிறேசைப் போலப் பாதிக் கடலில் போகும். பாதி வழி வந்தாயிற்று, இன்னும் கொஞ்சந்தானே என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத்தான் அவர் பிறகு தன்னை மன்னிக்கவில்லை.

"நல்ல பாரம்," என்றார் பின்னால் வந்தவர்.

"செத்த உடம்பு கனக்கும் ஐயா."

"அம்மா விட்டு விட்டு அழுறா."

"துக்கம் அலைமாதிரித்தானே ஐயா. வந்து வந்து போகும்."

ஆசுப்பத்திரியின் பிரேத அறைப் பக்க வாசலில் பாடையை இறக்கினார்கள். அந்த ஆள் வேர்வையைத் துடைத்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"உங்கட பக்கம் இப்பிடிச் சாவு கனக்கவோ?"

பிரேதங்களின் எண்ணிக்கை கந்தோர்க் கணக்கோடு ஒத்துவரவேண்டுமென்று பஸ்ரியாம்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. "மாசத்துக்கு நாலைஞ்சு தவறாது ஐயா."

"என்ன வருத்தத்திலை?"

"வருத்தமே இல்லை. நல்லாத்தான் இருப்பினம். திடீரெண்டு போகும்."

அந்த ஆள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "வெளியிலையிருந்து அங்கை வந்து இருக்கிற ஆக்களுக்கு?"

கணக்கு ஐயா தீவுக்குள் கால் வைத்தால், செத்தவர்களெல்லாம் வலை பின்னிக்கொண்டிருப்பதைக் கண்டுவிடுவார். அவரை இந்தக் கரையிலேயே திருப்பிவிடவேண்டும். பஸ்ரியாம்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"அவைதான் ஐயா முதல். தண்ணி ஒத்துக்கொள்ளாது. வந்த கிழமையே போயிடுவினம்."

 அந்த ஆள் எமிலியை மூடியிருந்த சீலையை ஒரு தரம் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு, வந்த வழியே விறுவிறென்று நடந்தார். அவர் சந்தி திரும்பி மறையும் வரை பஸ்ரியாம்பிள்ளையும் யாகப்புவும் தலைகுனிந்து நின்றார்கள். மறைந்ததும் யாகப்பு அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அப்படியொரு பொய் அந்த இரண்டு பேரும் தங்கள் சீவியத்தில் சொன்னதில்லை.

பிறகு ஓடினார்கள். பிரேத அறைப் பக்கமிருந்து பிள்ளைப்பேற்று வாட்டுக்குப் பாடையோடு ஓடிவந்தவர்களைக் கண்டு ஒரு கங்காணி விழுந்தடித்துக்கொண்டு போய் மறைந்தான். உள்ளே இருந்தவர்கள் கேள்வி கேட்காமல் எமிலியை வாங்கிக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

கதவு திறந்தபோது மத்தியானம் கழிந்திருந்தது. வெளியே வந்த நேர்ஸ் களைத்திருந்தா.

"தாய்க்குப் பயமில்லை," என்றா. "பிள்ளையைத்தான் காப்பாத்த ஏலாமல் போச்சு. ஆம்பிளைப் பிள்ளை. கொஞ்சம் முந்தி ஒரு டொக்டரின்ரை கை பட்டிருந்தால் தப்பியிருக்கும்."

றோசம்மா அழவில்லை. காலையிலிருந்து அழுத அழுகையில் உண்மைக்கென்று அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. சுவரோடு சாய்ந்து இருந்தாள். எமிலி கண்ணைத் திறந்து தகப்பனைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை காற்று விழுந்து கடல் படிந்து கிடந்தது. ஒரு தச்சன் அடித்துக் கொடுத்த சின்னப் பெட்டியைப் பஸ்ரியாம்பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு துறைக்கு வந்தார். யாகப்பு வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆசுப்பத்திரியில் இறந்த பிரேதம், ஊர்ச் சேமக்காலைக்குப் போகிறது. அன்றுதான் அந்த வள்ளம் முதன்முதலாகச் சட்டப்படி ஓடப்போகிறது.

கந்தோரிலிருந்து அரியநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பெட்டியைப் பார்த்ததும் சைக்கிளைச் சாத்திவிட்டு, கிட்ட வந்து நின்றான். 

"பேரப்பிள்ளை போயிட்டுது," என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "வள்ளமாவது மிஞ்சட்டும். கணக்கு ஐயா நம்பிப்போட்டார்தானே? எடுக்கமாட்டினம்தானே?"

அரியநாயகம் அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

"கணக்கு ஐயா இன்னும் கொழும்பிலைதான் அண்ணை இருக்கிறார். நேற்று உங்களோடை பாடை தூக்கினவர் உங்கட தீவுக்கெண்டு அரசாங்கம் புதுசா அனுப்பின டொக்டர், 'அங்கை போனால் நானும் சாவன்' எண்டு பின்னேர பஸ்ஸிலையே திரும்பிப் போயிட்டார்."